நாலாம் சாமக் காவல்

ரோமாபுரிப் பட்டாளத்தைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். நாற்பது வருசமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மொத்தம் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் ரப்பர் பால்வெட்டுகாரர்கள், ஒருவன் சந்தையில் சக்கைப்பழ வியாபாரம், ஒருவன் வேன் ஓட்டுகிறவன், மிச்சம் பேர் கிடைத்த சோலிக்குப் போகிறவர்கள். பிலாத்துவின் அரண்மனையிலிருந்து கொல்கதா மேட்டுக்குப் போகிற வழியில் என் ஒயரைச் சவிட்டாமல் இவர்கள் ஒரு வருசமும் போனது கிடையாது.

நான் நாராயணபெருமாள். மைக் செட் வைத்திருக்கிறேன். அய்யாவழிக்காரன், ஞாயிறு தோறும் தலைப்பாகை கட்டி நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போகிறவன். ஆனாலும் சிதறால் மலைக்குத் தெற்கே எங்கள் காட்டுவிளையில் சபைக்காரர்கள் போடுகிற ஈஸ்டர் நாடகத்துக்கு மைக்கும் லைட்டும் என்னுடையதுதான். என் சாதனங்களை வேறொருவன் தொட விடமாட்டேன். மனுசனை நம்பலாம் என்று படித்தவர்கள் பேசுவார்கள். அப்படி நம்பி வாடகைக்கு விட்ட என் குழாய் ஸ்பீக்கர் ஒன்று இன்றைக்கும் பேச்சிப்பாறை டாமுக்குள் கிடக்கிறது.

பட்டாளத்துக்குத் தலைவன் ஞானசிங். எனக்கு அடுத்த வீடு. வேதத்தில் நூற்றுக்கு அதிபதி என்று சொல்கிற உத்தியோகம். வாலிபத்தில் திருவனந்தபுரம் பாங்கோட்டு மைதானத்துக்குப் பட்டாளத்து ஆளெடுப்புக்குப் போனவன். ஓட்டத்தில் முன்னால் வந்தான், நெஞ்சளவில் விழுந்தான். மூச்சை எவ்வளவு இழுத்துப் பிடித்தும் அளவு எட்டவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வருசமே சபை நாடகத்தில் எண்ணெய்த் தகரத்தை வெட்டி மார்க்கவசம் செய்து போட்டான். அதைப் போட்டால் நெஞ்சு ஒரு சாண் முன்னால் நிற்கும். பின்னே அந்த வேசத்தை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. சாயங்காலம் மேடையில் அதிபதி; விடியுமுன் தலையில் லைட்டும் கையில் கத்தியுமாக அடுத்தவன் தோட்டத்தில் பால்வெட்டு. ரெண்டிலும் ஒரே முகம்தான் வைத்திருப்பான்.

அவனுக்கும் தங்கபாய்க்கும் ஒரே மகன் சுபின். அவனுக்கு நெஞ்சளவு இருந்தது. பட்டாளத்தில் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஞானசிங் எனக்கும் ஒரு பொட்டலம் அல்வா கொண்டுவந்து தந்தான். வாங்கித் தின்றேன். நாலு வருசத்து உத்தியோகம், பிறகு பிடித்தால் வைத்துக்கொள்வான், இல்லையென்றால் அனுப்பிவிடுவான் என்று கேள்விப்பட்டேன். அல்வா தின்னும்போது அதைச் சொல்லவேண்டாம் என்று விட்டேன்.

இந்த வருசம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஒரு மத்தியானம் சுபின் லீவில் வந்தான் என்றார்கள். நான் நம்பவில்லை. எங்கள் பக்கம் லீவில் வருகிற பட்டாளத்துக்காரனைத் தூரத்திலேயே அறியலாம். பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, அதில் வெள்ளை எழுத்தில் பெயரும் நம்பரும். வந்த அன்றைக்கே நாலு வீட்டுக்குக் கேன்டீன் சோப்பு போகும். அப்பனுக்கும் அப்பனுடைய சேக்காளிகளுக்கும் குவாட்டா ரம் குப்பி வரும். இது அவன் ஊருக்குச் செய்யவேண்டிய முறை. சுபின் தோளில் ஒரு பையோடு, காலில் ரப்பர் செருப்போடு வந்தான். சோப்பு இல்லை, குப்பி இல்லை. போனை அணைத்து வைத்திருந்தான். எந்த நேரம் பார்த்தாலும் விழித்திருந்தான். கிணற்றடியில் வாளி விழுந்தால் எழும்பி நின்றான்.

தங்கபாய் இதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். ஆனால் மகன் வந்திருக்கிறான். சாளை மீன் வாங்கி மாங்காய் போட்டு வைப்பதும், மரச்சீனிக் கிழங்கு அவிப்பதும், அவன் தின்பதைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஞானசிங் ஒன்றும் பார்க்கவில்லை. அவனுடைய ரோமாபுரிப் பட்டாளத்துக்கு உள்ளதான ஒரு பட்டாளத்துக்காரன் கிடைத்துவிட்டான் அல்லவா.

நாடகப் பொறுப்பு இந்த வருசம் ஆன்ஸ்லின் டீச்சருக்கு. மார்த்தாண்டத்தில் சரித்திரம் நடத்துகிறவள். வந்த உடனே சேவகர் தொப்பியில் கொண்டையாகக் குத்தியிருந்த தும்புக்கட்டை விளக்குமாற்றைப் பிடுங்கிப் போட்டாள். ரோமாபுரியான் வாள் நீளமில்லை, ஒரு முழம்தான், வெட்டுவதற்கில்லை, குத்துவதற்கு என்றாள். செருப்புக்கு அடியில் ஆணி உண்டு என்றாள். ஒரு மனுசன் அரைச் சாக்கு அரிசி கனத்தைச் சுமந்து பகல் முழுக்க நடப்பானாம். பொழுது சாய்ந்து எங்கே தங்கினாலும் முதலில் சுற்றிப் பள்ளமாகக் கிடங்கு வெட்டி, மண்ணை அணை பிடித்து, மரக்குற்றி நாட்டிவிட்டுத்தான் கஞ்சிக்கு அடுப்பு மூட்டுவானாம். இருபத்தைந்து வருசம் இப்படி. கடைசியில் ஒரு துண்டு நிலம் கொடுத்து அனுப்புவார்களாம்.

பால்வெட்டுகாரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நிலம் கொடுத்தானே, அதுவரைக்கும் கொள்ளாம் என்றான் ஒருவன்.

கேடயம்தான் பெரிய பாடு. பலகையை அடுக்கி ஒட்டி, மேலே தோல் போர்த்தினது வேண்டும் என்று டீச்சர் சொன்னாள். தோலுக்கு எங்கே போவது? பிளைவுட்டை வளைத்து அதன்மேல் புகைபோட்ட ரப்பர் ஷீட்டை ஆணியடித்தார்கள். ஞானசிங்கின் யோசனை. பார்க்கத் தோல் போலத்தான் இருந்தது. ஆனால் நாற்றம் ரோமாபுரி வரைக்கும் போகும். எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெயிலில் அடுக்கி வைத்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து எடுத்தால் எட்டும் ஒரே கேடயம். ரப்பர் இளகி ஒட்டிக்கொண்டது. ரப்பரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் செய்த காரியம் இது. பிரித்தெடுக்க ஒரு சாயங்காலம் போயிற்று.

இந்த வருசம் எட்டில் ஒருவன் சுபின்; மற்றவர்களை வரிசையில் நிறுத்திப் பழக்கினதும் அவன்தான். அந்த நேரம் மட்டும் அவன் முகம் தெளிந்திருக்கும். தோளோடு தோள் முட்ட நிற்கவைத்து, முன்வரிசைக்காரன் கேடயத்தை முன்னால் பிடிக்க, பின்னால் நிற்கிறவன் தலைக்குமேல் தூக்க, எட்டுப் பேரும் ஒரு ஆமை மாதிரி நகர வேண்டும். ஒருவன் விலகினால் ஓட்டை விழும்.

"கேடயம் ஒனக்கில்ல, மாமா. பக்கத்துல நிக்கிறவனுக்காக்கும்," என்று சக்கை வியாபாரியிடம் சொன்னான். "நீ அசந்தா அவனுக்குக் குத்து கொள்ளும்."

அதைச் சொன்னவன் அப்படியே நின்றான். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். நான் அதையும் மனசில் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் பழகிக்கொண்டிருக்கும்போது கோடை மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை முன்னறிவிப்பு கொடுத்து வருவதில்லை. மலைமேல் ஒரு முழக்கம், பிறகு ரப்பர் இலையில் சடசடவென்று. என் ஆம்ப்ளிஃபயர் நடு மைதானத்தில் ஸ்டூல்மேல் இருக்கிறது. நான் வேட்டியை அவிழ்த்து மூட ஓடினேன். அதற்குள் சுபின் ஒரு சத்தம் கொடுத்தான். எட்டுப் பேரும் ஓடிவந்து ஸ்டூலைச் சுற்றி நின்று கேடயத்தைத் தூக்கினார்கள். நடுவில் நானும் ஆம்ப்ளிஃபயரும். வெளியே கொட்டுகிறது, உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. ரப்பர் அல்லவா. அப்படியே காலெடுத்து வைத்து, சேறு மிதித்து, பாரிஷ் ஹால் வரைக்கும் கொண்டு சேர்த்தார்கள். பெண்கள் எல்லாம் வராந்தாவில் நின்று சிரித்தார்கள். ஞானசிங் முன்னால் நடந்தான். அவன் மட்டும் முழுக்க நனைந்தான், அதிபதி ஆமைக்குள் ஏறக்கூடாது என்று. அன்றைக்கு முதல் அந்தப் பட்டாளத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது. வெளியே காட்டவில்லை.

மழை விடவில்லை. ஹாலுக்குள்ளேயே கல்லறைக் காட்சியைப் பார்ப்போம் என்றாள் டீச்சர். தங்கபாய் ஒரு சருவம் நிறைய அவித்த மரச்சீனியும் நெத்திலிக் கறியும் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் தின்றுகொண்டே கேட்டார்கள்.

கல்லறைக்குக் காவல் நின்ற சேவகர்கள் பிரதான ஆசாரியர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, நாங்கள் உறங்கிவிட்டோம், அப்போது சீஷர்கள் வந்து உடலைக் களவாண்டு போனார்கள் என்று சொல்லவேண்டும். வருசா வருசம் இதை நாங்கள் கேட்டதுதான். இந்தத் தடவை டீச்சர் அதோடு விடவில்லை. உறங்கிவிட்டேன் என்று ஒரு ரோமாபுரிச் சேவகன் வாயால் சொல்வது லேசான காரியமில்லை என்றாள். அவர்கள் ராத்திரியை நாலு சாமமாகப் பிரித்து முறை வைத்துக் காவல் நிற்பார்கள். சுற்றிப் பார்க்க ஒருவன் வருவான். உறங்குகிற ஆளைக் கண்டால் விடிந்ததும் விசாரணை. அதிகாரி ஒரு கம்பை எடுத்து அவனை லேசாகத் தொடுவான், அவ்வளவுதான். அதோடு கூட நின்ற சேவகர்கள், ஒரே கூடாரத்தில் கிடந்தவர்கள், கம்பும் கல்லும் எடுத்து அடித்தே கொல்வார்கள்.

"அவனுவளேவா?" என்று வேன்காரன் கேட்டான்.

"அவங்கதான். அவன் உறங்கினா சாகப்போறது அவங்கதானே. சில சமயம் அடிவாங்கி உயிரோட தப்பி ஓடினவனும் உண்டு. ஆனா பிரயோஜனமில்ல. அவன் சொந்த ஊருக்குப் போக முடியாது. சொந்தக்காரங்க யாரும் அவனுக்குக் கதவு திறக்க மாட்டாங்க. அப்பா அம்மாகூட."

ஞானசிங் தலையை ஆட்டினான். சரியான சட்டம் என்கிற மாதிரி.

தங்கபாய் அகப்பையைச் சருவத்தில் போட்டாள்.

"எந்தத் தள்ளை டீச்சர் கதவு தொறக்காம இருந்தா? ரோமாக்காரிக்குப் பெத்த வயிறு கெடயாதா? நாலு நாளு பட்டினி கெடந்து, அடியும் கொண்டு, மொவன் வந்து வாசல்ல நிக்கான். அவ உள்ள இருந்து என்ன செய்வா? பாட்டுப் பாடுவாளா?"

டீச்சர் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சுபின் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பி மழையில் இறங்கிப் போனான். அவன் கேடயம் சுவரில் சாய்ந்திருந்தது. தங்கபாய் அந்தக் கேடயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சருவத்தை மூடினாள். இன்னும் நாலு பேர் தின்னாமல் இருந்தார்கள்.

மழை விட்டபிறகு என் எக்ஸ்டென்ஷன் பெட்டியை வாங்க ஞானசிங் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ரப்பர் ஷீட் அடிக்கிற சாய்ப்புக் கொட்டகை. மூன்று பேரும் அங்கே நின்றார்கள். போகவா நிற்கவா என்று யோசித்தேன். நின்றேன்.

"ஒனக்க பெட்டி எங்கலே?" என்று தங்கபாய் மகனைக் கேட்டாள். வந்த அன்றைக்குக் கேட்கவேண்டியது.

"பொறவு வரும்."

"எப்படி? நடந்தா?" என்றேன் நான். தங்கபாய் ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப்பின் அவனே சொன்னான். வடக்கே மலையில் ஒரு முகாம். முதல்நாள் முழுக்கச் சுமடு எடுத்திருக்கிறார்கள். ராத்திரி கடைசி முறை இவனுக்கு. மணல்மூட்டை அடுக்கி வைத்த இடத்தில் துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்தது ஓர்மை உண்டு. கண் திறந்தபோது மடியில் துப்பாக்கி இல்லை. சுற்றிப் பார்க்க வந்த சுபேதார் எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலையில் அதிகாரி முன்னால் நிறுத்துவோம் என்று சொன்னார்கள். இவன் காய்கறி கொண்டுவந்த லாரியில் ஏறி இறங்கி, ரயில் பிடித்து வந்துவிட்டான். லீவு இல்லை, ஒன்றும் இல்லை. மாசம் திகைந்து முடிந்தால் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள். திகைய இன்னும் கொஞ்சம் நாள்தான் உண்டு.

ஞானசிங் ஷீட் அடிக்கிற உருளையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எந்நேரம் ஒறங்கினே?"

"விடியதுக்கு முன்ன. மூணரை, நாலு இருக்கும்."

"அது நான் கத்தியும் எடுத்துக்கிட்டு எறங்குத நேரமாக்கும்."

ஞானசிங் கைப்பிடியை விட்டான்.

"நீ பிறக்கதுக்கு முன்னயே அந்நேரம் எழும்பி நடக்கேன். எனக்கு ஒறக்கம் வராமயா? நான் ஒறங்கினா மரம் எங்கயும் போவாது. நாளைக்கு வெட்டிக்கிடலாம். ஒனக்கப் பொறத்த எத்தன பேரு படுத்துக் கெடந்தானுவ?"

"நாப்பது பேரு."

"நாப்பது பேரு," என்றான் ஞானசிங். உள்ளே போய் முன்வாசல் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டான். தங்கபாயும் வெளியேதான் நிற்கிறாள். அதை அவன் யோசிக்கவில்லை.

அவள் கதவைத் தட்டவில்லை. மகனோடு வீட்டைச் சுற்றி நடந்தாள், நானும் பின்னால் போனேன். அடுக்களை வாசல் திறந்து கிடந்தது. அந்தக் கதவை எப்படித் தூக்கி எந்த இடத்தில் அமுக்கினால் பூட்டும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஞானசிங்குக்கு அந்தப் பக்கம் அதிகாரம் கிடையாது. மகனை அங்கேயே பலகையில் உட்காரவைத்துச் சோறு போட்டாள்.

"தின்னு. நான் ரோமாக்காரியில்ல. எந்நேரம் வந்தாலும் தொறப்பேன். ஆனா தின்னுட்டு நீ திரும்பிப் போய் அவனுவளுக்க முன்னால நிக்கணும்."

"மாட்டேன்."

"அடிச்சா கொன்னுருவானுவ?"

"அடிக்க மாட்டான். உள்ள போடுவான், அவ்வளவுதான். அதுக்கு எனக்குப் பயமில்லம்மா. அந்த நாப்பது பேருக்க மொகத்த எப்படிப் பாக்க?"

பிறகு மெதுவாகச் சொன்னான். ஜெஃப்ரின் பெங்களூரில் ஒரு வேலை சொல்லியிருக்கிறான். அவன் சேக்காளி. ஈஸ்டர் கழிந்து திங்கட்கிழமை காலையில் அவனோடு பஸ் ஏறுவது. நாடகம் வரைக்கும் நிற்பேன், எட்டில் ஒரு ஆள் குறைந்தால் ஆமை நிற்காது என்றான்.

"பெங்களூருல என்ன சோலி?" என்று கேட்டேன்.

"பிளாட்டுல செக்யூரிட்டி."

"பகலா ராத்திரியா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். ராத்திரி என்று புரிந்துகொண்டேன். காவலில் உறங்கி ஓடிவந்தவனுக்கு ராக்காவல் வேலை. எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கபாயின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் முதல் அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு கிடையாது. மகன் அடுக்களை வாசல் வழியே ஏறினான், அப்பன் முன்வாசல் வழியே இறங்கினான். ரிகர்சலில் மட்டும் அதிபதி உத்தரவு போடுவான், சேவகன் கேட்பான். தங்கபாய் என்னிடம் வந்து, அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த அந்த மனுசன்கிட்ட பேசணும், பய மாசத்தத் தாண்டிட்டாம்னா பொறவு ஆயுசுக்கும் ஒளிஞ்சு நடக்கணும் என்றாள். நான் யாருக்கும் புத்தி சொல்கிறவனில்லை. சொன்னால் கேட்கிறவனையும் பார்த்ததில்லை. ஆனால் அவள் கேட்டாள்.

பெரிய வெள்ளி கழிந்த மறுநாள், வெளிச்சம் வருகிற நேரம், அவன் வெட்டுகிற தோட்டத்துக்குப் போனேன். ஞானசிங் மரத்துக்கு மரம் நடந்து வெட்டிக்கொண்டிருந்தான். பட்டையில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. சுருள் விழும். பின்னாலேயே வெள்ளைக் கோடு ஊறி, சாலில் இறங்கி, சிரட்டைக்குள் சொட்டும். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"பய திங்கக்கிழம பெங்களூருக்குப் போறான்."

"போவட்டு."

"போனா வரமாட்டான். பொறவு பொலீசு வரும், ஒனக்க நடைக்கு."

"வரட்டு. நான் என்னவே செய்யணும்? ஸ்கூலுக்குக் கொண்டுவிடுகது போல கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போணுமா?"

"நான் அப்படியொண்ணும் சொல்லேல. அப்பனும் தள்ளையும் கதவு தொறக்கமாட்டாங்கன்னு டீச்சர் சொன்னால்லியா, நீ அத மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே. எனக்கு அதுல பாதி நம்பிக்கையில்ல. அத எழுதி வச்சவன் எவன்? எவனாவது பெரிய மனுசனா இருப்பான். அவன் முன்வாசல்ல நின்னு பாத்துருப்பான். எந்த வீட்டுக்க அடுக்களை வாசல்ல போய் அவன் பாத்தான்?"

ஞானசிங் அடுத்த மரத்துக்குப் போனான். கத்தியை வைத்தான். கொஞ்ச நேரம் இழுக்கவில்லை.

"எனக்கு நெஞ்சளவு காணாதுன்னு தள்ளினான்," என்றான். "இவனுக்கு அது உண்டும்னு எடுத்தான்."

பிறகு இழுத்தான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலை ஆகவில்லை என்றுதான் தங்கபாயிடம் சொன்னேன்.

ஈஸ்டர் சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. வெளியூர்க்காரர்களும் உண்டு. மழை இல்லை. ஆமை நடந்தபோது ஜனம் கைதட்டியது. சிலுவைக் காட்சி கழிந்து கல்லறை வந்தது. டீச்சர் எழுதினது இப்படி: சேவகர்கள் காவல் நிற்பார்கள், பூமி அதிரும் (நான் தகரத் தகட்டை மைக்குக்கு முன்னால் பிடித்து உலுக்குவேன்), கல் புரளும். சேவகர்கள் காசை வாங்கிக்கொண்டு, உறங்கிவிட்டோம் என்பார்கள். அப்போது நூற்றுக்கு அதிபதி வருவான். திராட்சைக்கொடிக் கம்பு அவன் கையில் இருக்கும். எங்களுக்குத் திராட்சைக்கொடி எங்கே கிடைக்கும், பிரம்புதான். அதால் ஒரு சேவகனைத் தோளில் தொடுவான். மற்றவர்கள் கம்பை ஓங்குவார்கள். அந்த நொடி நான் லைட்டை அணைக்கவேண்டும். தொடப்படுகிற சேவகன் சுபின்.

மற்ற சேவகர்கள் உறங்கிவிட்டோம் என்று சேர்ந்து சொன்னார்கள். சுபின் வாய் திறக்கவில்லை. முட்டுக்குத்தி இருந்தான். ஞானசிங் வந்தான். தகர நெஞ்சு லைட்டில் மின்னியது. பிரம்பை ஓங்கி மகனுக்கு முன்னால் நின்றான்.

"ஒறங்கினியா?" என்றான். இது டீச்சர் எழுதினது இல்லை.

சுபின் நிமிர்ந்து பார்த்தான். "ஒறங்கினேன்," என்றான்.

"நீ மட்டுமா?"

"நான் மட்டும்."

கம்பை ஓங்கி நின்ற ஏழு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சர் படுதாவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து, அணை, அணை என்று கை காட்டினாள். என் விரல் சுவிட்சில் இருந்தது. நான் அணைக்கவில்லை. நாற்பது வருசத்தில் சொன்ன நேரத்துக்கு நான் அணைக்காத லைட் அது ஒன்றுதான்.

ஞானசிங் பிரம்பைச் சக்கை வியாபாரியின் கையில் கொடுத்தான்.

"காவலுக்கு வேற ஆள நிறுத்துங்க," என்றான். மைக்கில் தெளிவாகக் கேட்டது. "இவன நான் கொண்டுபோறேன். எங்க நிக்கணுமோ அங்க கொண்டு நிறுத்துகேன்."

மகனைக் கையைப் பிடித்து எழுப்பினான். மேடையை விட்டு இறங்கி, ஜனத்துக்கு நடுவில் விட்டிருந்த வழியே ரெண்டு பேரும் நடந்தார்கள். நாடகம்தான் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்களில் சிலர் தட்டவில்லை. தங்கபாய் பெண்கள் பக்கமிருந்து எழும்பி, யாருடைய காலையும் பார்க்காமல் மிதித்துக்கொண்டு ஓடினாள்.

அவர்கள் கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றார்கள். அந்த நேரம் பஸ் கிடையாது. என் ஆம்னி வேன் ஓரமாக நின்றது. நான் என் சாதனங்களைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன். டீச்சரைக் கூப்பிட்டு வேன் சாவியைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்தேன்.

"செவப்பு சுவிட்சத் தொடாத. மத்தது ஒனக்க இஷ்டம்."

தங்கபாய் வீட்டிலிருந்து பையோடு வந்தாள். பெங்களூருக்கென்று அவன் கட்டி வைத்த பைதான். அதற்குமேல் ஒரு பொதியில் ஏத்தன் வாழைப்பழமும் அவித்த முட்டையும் வைத்திருந்தாள். நாலு பேரும் வேனில் ஏறினோம், சுபின் உள்ளேயே வேசத்தை மாற்றினான். குழியில் வண்டி விழும்போதெல்லாம் ஞானசிங்கின் தகர நெஞ்சு மட்டும் சத்தம் போட்டது. நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கியபோது ஒரு ரயில்வே போலீஸ்காரன் சிவப்புத் துப்பட்டியும் கவசமுமாக நிற்கிற ஆளை மேலும் கீழும் பார்த்தான்.

"நாடகம் களிஞ்சு வாறோம் சாரே," என்றாள் தங்கபாய். "இவரு ரோமாபுரியாக்கும். இவன் இந்தியா."

போலீஸ்காரன் சிரித்துக்கொண்டே போனான். ஞானசிங் மறைவில் போய், தங்கபாய் பையில் வைத்திருந்த வேட்டி சட்டைக்கு மாற்றிக்கொண்டு வந்தான். கவசத்தை என்னிடம் தந்தான். அது இல்லாமல் அவன் நெஞ்சு சின்னதாகத்தான் இருந்தது.

"அப்பா, நான் தனியாப் போவேன்," என்றான் சுபின்.

"நீ போவே. எனக்கு அந்த எடத்தப் பாக்கணும்."

வண்டி வந்தது. ரெண்டு பேரும் கூட்டத்தில் இடித்து ஏறினார்கள். அப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். மகன் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி நகரும் முன்பே தலை சாய்ந்து உறங்கிவிட்டான். வந்ததிலிருந்து அவன் உறங்கி நான் பார்த்தது அப்போதுதான். ஞானசிங் அசையாமல் இருந்தான், தோள் ஆடாமல்.

அடுத்த வாரம் கழிந்து ஞானசிங் தனியாகத் திரும்பி வந்தான். வந்த மறுநாளே விடியுமுன் கத்தியோடு இறங்கிவிட்டான். பால் எடுத்துவிட்டு வரும்போது வழியில் மறித்துக் கேட்டேன். மாசம் திகையும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுபினை உள்ளே வைத்திருக்கிறார்கள். தண்டனை கழிந்து மறுபடியும் டியூட்டிக்கு எடுப்பார்கள். நாலு வருசம் முடிந்து வைத்துக்கொள்வார்களா, அது தெரியாது. அந்த நாற்பது பேரில் ரெண்டு பேர் வந்து இவனுடைய தகரப் பெட்டியைக் காட்டினார்களாம். பூட்டு திறக்காமல் அப்படியே பார்த்து வைத்திருந்தார்களாம்.

"கேட்டுல ஒரு பய காவல் நின்னான் வே," என்றான் ஞானசிங். "நம்ம சுபினுக்க வயசு இருக்கும். நாங்க போன நேரம் நல்லா விடியல. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. பாவம் தோணி ஒரு ஏத்தன்பழத்த நீட்டினேன். வாங்கேல. டியூட்டியில நிக்கும்போ திங்கப்படாதாம். அவன் பேசின பாஷ எனக்கு மனசிலாவேல, சுபின் சொன்னான்."

"நீ என்ன செய்தே?"

"அவன் டியூட்டி மாறதுவர அங்ஙனயே நின்னேன். பொறவு குடுத்தேன்."

அன்றைக்குப் பிறகு தங்கபாய் முன்வாசலுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. சும்மா சாத்திவைப்பாள். பய லீவில் வரும்போது எந்நேரமாக இருந்தாலும் தள்ளினால் திறக்கணும், சுற்றிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போகக்கூடாது என்கிறாள். ஞானசிங்கும் ஒன்றும் சொல்வதில்லை. ரெண்டு பேருக்கும் வெளிவும் புத்தியும் கிடையாது. கள்ளன் பெருத்த காலம். கோழிக்கூட்டைக்கூட நான் பூட்டித்தான் வைக்கிறேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அதனால் என் வீட்டு முன்லைட்டை அவர்கள் வாசலில் வெளிச்சம் விழுகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன். கட்டிலையும் ஜன்னலோரம் நீக்கிப் போட்டுவிட்டேன். வயசாகிவிட்டது, எனக்கு முன்னமாதிரி உறக்கமும் இல்லை. விடியுமுன் ஞானசிங் தலையில் லைட்டோடு இறங்குவது வரைக்கும் பார்த்துக்கொள்வேன். அதற்குமேல் அவன் பாடு. நடுவில் எப்போதாவது நான் கண் அசந்துபோனால், அதற்கு யாரும் கம்பெடுத்துக்கொண்டு வரவேண்டாம்.